ஒரு நொடிக்குள் முடியும் கரண்ட் சிகிச்சை: அப்பாவுக்கு இதை நிறுத்திவிட்டு அதற்குப் போகலாமா?

கேள்வி: கொரடாச்சேரிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. இடது கன்னத்தின் உட்புறம் புற்றுநோய். சின்ன வயதிலிருந்தே வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம். ஆபரேஷன் முடிந்து, இப்போது தஞ்சாவூரில் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கிறார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 30 தடவை, 60 கிரே என்று அட்டையில் எழுதியிருக்கிறது. பாதிக்கு மேல் ஆகிவிட்டது. காலை ரயிலில் கூட்டிக்கொண்டு போய் மத்தியானம் திரும்பி விடுகிறோம்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. இப்போது வாய் முழுக்கப் புண். எச்சில் பசை மாதிரி கெட்டியாகி விட்டது. கழுத்துத் தோல் கறுத்து உரிகிறது. குழைய வடித்த சோறுகூட இறங்குவதில்லை. "போதும்டா, சம்பாவுக்கு நாற்றங்கால் விடுகிற வேலையைப் பார்ப்போம்" என்கிறார்.

இதற்கு நடுவில் சென்னையில் இருக்கும் மாமா வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். ஃப்ளாஷ் என்று ஒரு புது முறையாம். மொத்தக் கரண்டையும் ஒரு நொடிக்குள் வைத்து விடுவார்களாம், நல்ல சதைக்கு ஒன்றும் ஆகாதாம், கட்டி மட்டும் சாகுமாம். "இதை நிறுத்து. எங்கே இருக்கிறது என்று விசாரி, பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். அவர் அப்பா மேல் உயிரையே வைத்திருப்பவர், அதனால் தட்டவும் முடியவில்லை.

இது நிஜமா? கொஞ்சம் கொஞ்சமாக வைத்தே இவ்வளவு புண் வருகிறது. அவ்வளவையும் ஒரே வேகத்தில் வைத்தால் இன்னும் வெந்துதானே போகும்? எப்படி நல்ல சதை தப்பிக்கும்? நம் பக்கம் இது கிடைக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: குடந்தை இயற்பியலாளர்

தம்பி, முதலில் தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில். அப்பாவின் சிகிச்சையை ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் கும்பகோணத்துக்காரன். கதிர்வீச்சுப் பிரிவில் மருத்துவ இயற்பியல் வேலை. எந்த இடத்துக்கு எவ்வளவு டோஸ் என்று டாக்டர் எழுதுவார். எந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு போனால் கட்டிக்கு முழுதாகவும் முதுகுத்தண்டுக்குக் குறைவாகவும் கிடைக்கும் என்று கணக்குப் போடுவதும், மெஷின் அந்த அளவைச் சரியாகத் தருகிறதா என்று காலையில் முதல் நோயாளி வருவதற்குள் அளந்து பார்ப்பதும் எங்கள் வேலை. அதனால் இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் நிறுத்தக் கூடாது? தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயில் மிச்சமிருக்கும் செல்கள் சிகிச்சை தொடங்கிச் சில வாரம் கழித்து முன்பைவிட வேகமாகப் பெருக ஆரம்பிக்கின்றன. அந்த நேரத்தில் விடுகிற ஒவ்வொரு நாளுக்கும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு சுமார் ஒரு சதவீதம் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பாதியில் விட்டுவிட்டு இரண்டு மாதம் கழித்து வேறொரு மெஷினில் தொடர்ந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர்வதாக ஆகாது. வாங்கிய வேதனை மிஞ்சும், பலன் போய்விடும். உங்கள் மாமாவிடம் இந்த ஒன்றை மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள்.

இனி ஃப்ளாஷ். வீடியோவில் காட்டியது கட்டுக்கதை அல்ல. ஆனால் அது இப்போது நிற்கிற இடம் வேறு, உங்கள் அப்பா இருக்கிற இடம் வேறு.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மேட்டூரில் எத்தனை டிஎம்சி இருக்கிறது என்பது ஒரு கணக்கு. விநாடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பது இன்னொரு கணக்கு. கிரே என்பது உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு. அட்டையில் எழுதியிருக்கும் 60 கிரே என்பது மொத்த அளவு, டிஎம்சி மாதிரி. ஒரு விநாடிக்கு எத்தனை கிரே பாய்கிறது என்பது கன அடி மாதிரி. இத்தனை வருடமும் நாங்கள் முதல் கணக்கைத்தான் உயிராகப் பார்த்தோம். இரண்டாவது கணக்கும் உடம்பின் பதிலையே மாற்றும் என்பதுதான் ஃப்ளாஷ் சொல்லும் செய்தி.

அப்பாவுக்கு வைப்பது போன்ற சாதாரண கதிர்வீச்சு மெஷின் (லீனியர் ஆக்சிலரேட்டர்) நிமிடத்துக்கு 6 கிரே அளவில் தரும். விநாடிக்கு 0.1 கிரே. ஃப்ளாஷ் என்று சொல்ல விநாடிக்கு 40 கிரேயாவது வேண்டும், அதாவது 400 மடங்கு. ஒரு வேளைக்கான டோஸ் முழுவதும் கண் இமைக்கும் நேரத்தில் உள்ளே போய்விடும்.

விதை பழையது. 1959-லேயே டியூவி, போக் என்ற இருவர் பாக்டீரியாவின் மேல் மிக வேகமாகக் கதிர்வீச்சு செலுத்தியபோது, அதே அளவுக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவாகச் செத்தது என்று எழுதினார்கள். 1960-களில் எலிகளிலும் இதைப் பார்த்தார்கள். அப்புறம் ரொம்ப நாள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2014-இல் பிரான்ஸில் கியூரி நிறுவனத்தைச் சேர்ந்த ஃபவோதோன் குழு சுண்டெலிகளின் நெஞ்சில் செய்த ஆய்வுதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. வழக்கமான வேகத்தில் 15 கிரே கொடுத்த எலிகளுக்கு நுரையீரல் தழும்பேறி இறுகியது. அரை விநாடிக்குள் கொடுத்தபோது 20 கிரேக்குக் கீழ் வரை 36 வாரம் தாண்டியும் அந்தச் சிக்கல் வரவில்லை. கட்டி மட்டும் இரண்டு முறையிலும் ஒரே மாதிரி அடங்கியது.

கடைசி வரிதான் முக்கியம். நல்ல சதையைக் காப்பாற்றும் வழி என்றால் எங்களுக்கு முதலில் வரும் பயம், அது கட்டியையும் சேர்த்துக் காப்பாற்றி விடுமோ என்பதுதான். இங்கே அப்படி ஆகவில்லை. மூன்று வருடம் கழித்து, எலியின் முழு மூளைக்கும் 10 கிரே கொடுத்துப் பார்த்தார்கள். விநாடிக்கு 100 கிரேக்கு மேல் வேகம் வைத்தபோது நினைவாற்றல் தப்பித்தது. மெதுவாகக் கொடுத்தபோது கெட்டது. குழந்தைகளின் மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு வைத்துவிட்டு, அவர்கள் பள்ளிக்கூடத்தில் தடுமாறுவதைப் பார்க்கிற துறை எங்களுடையது. அந்த முடிவைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மனிதர்களில்? 2018-இல் ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் முதல் நோயாளி. 75 வயது. தோலில் திரும்பத் திரும்ப வரும் லிம்ஃபோமா என்ற வகைப் புற்றுநோய். அதற்கு முன்பே உடம்பில் பல இடங்களில் கதிர்வீச்சு வாங்கி, தோல் தாங்க முடியாமல் போனவர். 3.5 சென்டிமீட்டர் கட்டிக்கு 15 கிரே, 90 மில்லி விநாடியில். கட்டி முழுதாகக் கரைந்தது, சுற்றியிருந்த தோலில் லேசான சிவப்போடு நின்றது. 2020-இல் தொடங்கி அமெரிக்காவின் சின்சினாட்டியில், எக்ஸ்-கதிருக்குப் பதில் புரோட்டான் என்ற துகள்களின் கற்றையை வைத்து 10 பேருக்குச் செய்தார்கள். எல்லோரும் கை கால் எலும்புக்கு நோய் பரவி வலியில் இருந்தவர்கள். ஒரே தடவை, 8 கிரே. வலி குறைந்த அளவும் பக்கவிளைவும் வழக்கமான சிகிச்சையை ஒட்டியே இருந்தன. இப்படிச் செய்ய முடியும் என்று அது காட்டியது, அவ்வளவுதான்.

இந்த வரிசையில் கன்னமும் நாக்கும் தொண்டையும் எங்கே என்று பாருங்கள். தோல், கை கால் எலும்பு என்று, கோளாறு வந்தாலும் சமாளிக்கக்கூடிய இடங்களில்தான் தொடங்கியிருக்கிறார்கள். அப்பாவுக்கு வைக்கிற இடத்தில் தாடை எலும்பு, உமிழ்நீர்ச் சுரப்பி, முதுகுத்தண்டு எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே இதை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்கும் இடம் எதுவும் இல்லை, வெளிநாட்டிலும் இல்லை. சென்னையில் 2019 முதல் புரோட்டான் சிகிச்சை இருக்கிறது. மாமா விசாரித்தால் யாராவது அதைக் காட்டி "இதுதான் அது" என்று குழப்பலாம். அங்கே நோயாளிகளுக்கு வழக்கமாகத் தருவது சாதாரண வேகத்து புரோட்டான். நல்ல சிகிச்சைதான், ஆனால் வேறு.

பதில் 2: மன்னை மாணவி

ஐயா, நான் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறேன். அண்ணன் கேட்ட "எப்படி நல்ல சதை தப்பிக்கிறது" என்பதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லையே. திசுவில் இருக்கும் ஆக்சிஜன் ஒரு நொடியில் தீர்ந்துபோவதுதான் காரணம் என்று படித்தேன். அது சரியா? ஆக்சிஜன் தீர்ந்தால் கட்டிக்கும் அதே பாதுகாப்பு கிடைக்க வேண்டாமா?

பதில் 3: குடந்தை இயற்பியலாளர்

நல்ல கேள்வியம்மா. இதை ஒரு வரியில் சொல்லக் கூடாது என்றுதான் தள்ளி வைத்தேன்.

அடிப்படையிலிருந்து வருவோம். செல்லில் பெரும்பகுதி தண்ணீர். கதிர்வீச்சு அந்தத் தண்ணீரை உடைத்து, ஹைட்ராக்சில் போன்ற வெறிகொண்ட மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அவை டி.என்.ஏ.வைத் தாக்குகின்றன. அப்போது பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் அந்தக் காயத்தோடு ஒட்டிக்கொண்டு, செல் எளிதில் பழுதுபார்க்க முடியாதபடி நிலைக்க வைத்துவிடும். ஆக்சிஜன் நிறைய இருக்கும் செல்லுக்கு, இல்லாத செல்லைவிட இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை சேதம் அதிகம். இது எங்கள் துறையின் பழைய பாடம்.

நீ படித்த விளக்கம் இப்படிப் போகும்: அவ்வளவு டோஸும் ஒரே கணத்தில் விழும்போது அந்த இடத்து ஆக்சிஜன் செலவாகிவிடுகிறது. ரத்தம் கொண்டுவந்து நிரப்ப நேரம் இல்லை. எனவே நல்ல திசு அந்தக் கணத்தில் ஆக்சிஜன் இல்லாத திசு மாதிரி நடந்து தப்பிக்கிறது. கட்டிக்குள் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக இருப்பதால் அங்கே ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு. குறைய அதிகம் மிச்சமில்லாததால் அதற்குப் புதுப் பாதுகாப்பு எதுவும் கிடைப்பதில்லை. உன் இரண்டாவது கேள்விக்கு அந்தக் கட்சிக்காரர்களின் பதில் இதுதான்.

கேட்க அழகாக இருக்கிறது. அளந்து பார்த்தபோது நிற்கவில்லை. எலியின் திசுவில் 20 கிரே பாய்ச்சியும் ஆக்சிஜன் அழுத்தம் சில மில்லிமீட்டர் பாதரச அளவுக்குத்தான் இறங்கியது. நல்ல திசுவில் சாதாரணமாகவே பல பத்து மில்லிமீட்டர் இருக்கும். கதிர்வீச்சின் வலிமை மாறும் அளவுக்கு அது வற்றவில்லை. அதனால் ஆக்சிஜனுக்கு இதில் பங்கு இருந்தாலும், வற்றிப்போவதுதான் முழுக் காரணம் என்று இப்போது பெரும்பாலோர் சொல்வதில்லை.

இரண்டாவது விளக்கம், அந்த வெறிகொண்ட மூலக்கூறுகளே ஒன்றை ஒன்று தீர்த்துக்கொள்கின்றன என்பது. மெதுவாக வரும்போது ஒவ்வொன்றும் தனியாக அலைந்து, செல்லின் கொழுப்புச் சவ்வில் தொடர்வினையைத் தொடங்கிவிடும். ஒரே கணத்தில் கூட்டமாக உண்டாகும்போது ஒன்றோடு ஒன்று மோதி அடங்கிவிடுகின்றன. இதோடு இரும்பையும் சேர்ப்பார்கள். புற்றுசெல்களில் தளர்வான இரும்பு அதிகம், அது அந்தத் தொடர்வினையில் உண்டாகும் பெராக்சைடு என்ற பொருள்களைத் திரும்பவும் கிளறிவிடும். நல்ல செல்கள் அவற்றை வேகமாக அப்புறப்படுத்தி விடும். நல்லதுக்கும் கெட்டதுக்கும் வித்தியாசம் ஏன் என்பதை இந்த விளக்கம் தொட முயல்கிறது. அதனால் எனக்கு இதன் மேல் கொஞ்சம் நம்பிக்கை அதிகம்.

மூன்றாவது ரத்தம். பல நிமிடம் கதிர் ஓடும்போது உடம்பின் ரத்தத்தில் கணிசமான பகுதி அந்த வழியாக ஓடிப்போகிறது, நோய் எதிர்ப்புச் செல்கள் அடிபடுகின்றன. கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தால் அந்தக் கணம் அங்கே இருந்த ரத்தத்தோடு சரி. இதில் எது எவ்வளவு என்பது உலகில் இன்னும் தீராத விவாதம். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு இந்தப் பக்கம் வா, உன் மாதிரி கேட்பவர்கள் வேண்டும்.

காரணம் தெரியாமலேயே பலன் கிடைத்தால் பயன்படுத்தலாமே என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் பூனைகளைக் காட்டுவேன். மூக்கு நுனியில் புற்றுநோய் வந்த வீட்டுப் பூனைகளுக்கு ஃப்ளாஷ் நன்றாக வேலை செய்தது. ஐரோப்பாவில் அடுத்த கட்ட ஆய்வில் 30 கிரேயை ஒரே தடவையில் கொடுத்தார்கள். ஒரு வருடத்தை ஒட்டி, ஏழில் மூன்று பூனைகளுக்கு மேல்தாடை எலும்பு செத்துப்போனது. வழக்கம்போல் பல நாளாகப் பிரித்து வாங்கிய பூனை ஒன்றுக்கும் அப்படி ஆகவில்லை. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். 2022-இல் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. தோல் தப்பித்தது, உள்ளே இருந்த எலும்பு தப்பிக்கவில்லை. கன்னத்துக்கு வைக்கும் இடத்தில் இருப்பதும் தாடை எலும்புதான், கொரடாச்சேரித் தம்பி இதைக் கவனிக்க வேண்டும்.

கருவிப் பக்கமும் சொல்ல வேண்டும். லோசானில் பயன்படுத்தியது குறைந்த ஆற்றல் எலக்ட்ரான், உடம்புக்குள் இரண்டு சென்டிமீட்டர் அளவுதான் போகும். தோலுக்குப் போதும், நுரையீரலுக்கும் கணையத்துக்கும் போதாது. ஆழம் போகும் எக்ஸ்-கதிரை இவ்வளவு வேகத்தில் உண்டாக்க இப்போதைய மெஷின்களால் முடியாது. எக்ஸ்-கதிர் உண்டாக எலக்ட்ரானை ஓர் உலோக இலக்கில் மோதவிட வேண்டும், அப்போது ஆற்றலில் பெரும்பகுதி வெறும் சூடாகப் போய்விடுகிறது. அதனால்தான் செர்ன் ஆய்வுக்கூடமும் லோசான் மருத்துவமனையும் சேர்ந்து, நூறு மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவிலான, அதாவது மிக அதிக ஆற்றல் கொண்ட எலக்ட்ரான் கற்றையை ஆழத்துக்கு அனுப்பும் மெஷினுக்கு முயல்கிறார்கள்.

என் கவலை அளவீடு. காலையில் நாங்கள் டோஸ் பார்க்கும் அயனிக் கலம் சாதாரண வேகத்துக்குக் கன கச்சிதம். ஃப்ளாஷ் வேகத்தில் அது திணறிக் குறைத்துக் காட்டும். இன்னொன்று, இப்போது நோயாளி இருமினாலோ அசைந்தாலோ டெக்னீஷியன் திரையில் பார்த்துப் பொத்தானை அமுக்கி நிறுத்தலாம். 90 மில்லி விநாடியில் எந்த மனிதக் கையும் பொத்தானுக்குப் போகாது. தவறாகக் குறி வைத்தால் முழுத் தவறும் ஒரே கணத்தில் நடந்து முடிந்திருக்கும். இதற்கெல்லாம் தீர்வு கண்டுகொண்டுதான் இருக்கிறார்கள், அவசரப்படுத்த முடியாது.

பதில் 4: நாகூர் மகள்

அண்ணா, அறிவியல் எல்லாம் எனக்குத் தெரியாது. என் அம்மாவுக்கும் இதே இடத்தில் வந்து கரண்ட் வைத்தோம். கடைசி இரண்டு வாரமும் முடிந்த பிறகு இரண்டு வாரமும்தான் கொடுமை, அப்புறம் மெல்ல ஆறிவிட்டது. அப்பாவிடம் அதைச் சொல்லுங்கள், முடிவு தெரிந்தால் தாங்குவார்.

காரம், புளி, ஊறுகாய் வேண்டாம். ஆற வைத்த கேழ்வரகுக் கூழ், நீர்மோர், பாலில் கரைத்த இட்லி, அரைவேக்காடு இல்லாமல் நன்றாக வெந்த முட்டையை மசித்து, இப்படிக் கொடுத்தோம். ஒரே நேரத்தில் நிறைய வேண்டாம், அடிக்கடி கொஞ்சம். வெந்நீர் ஆற வைத்து, உப்பும் சமையல் சோடாவும் போட்டு நாளைக்குப் பல தடவை கொப்பளிக்கச் சொன்னார்கள். கழுத்தில் எண்ணெய், பவுடர், மஞ்சள் எதுவும் டாக்டரைக் கேட்காமல் தடவாதீர்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் மூக்கு வழியாகக் குழாய் போடுவார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம், அம்மாவுக்கு அதுதான் உயிர் கொடுத்தது. புகையிலையை மட்டும் வீட்டுப் பக்கமே விடாதீர்கள்.

மறுமொழி: கொரடாச்சேரிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இயற்பியலாளர் ஐயா எழுதியதை அப்படியே மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். பூனை விஷயம் வந்ததும் அவரே "வேண்டாம்டா, முடிக்கச் சொல்லு" என்றார். அப்பாவும் இன்றைக்கு வந்தார். கூழ் இறங்குகிறது.

ஒரு சந்தேகம் மிச்சம். மெஷின் பழுது, வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் விட்டாலும் குறையும் என்றீர்களே, என்ன செய்வது? அப்புறம், அப்பாவுக்கு நல்ல சதையைக் காப்பாற்ற இப்போது இருக்கும் மெஷினில் வழியே இல்லையா?

பதில் 5: குடந்தை இயற்பியலாளர்

பயப்பட வேண்டாம், அந்த நாளை ஈடுகட்ட வழி இருக்கிறது. சனிக்கிழமை வைக்கலாம். அல்லது அடுத்த வாரம் ஒரு நாள் காலையும் மாலையும் இரண்டு தடவை வைக்கலாம், நடுவில் குறைந்தது ஆறு மணி நேரம் விட வேண்டும். நல்ல செல்கள் காயத்தைப் பழுதுபார்க்க அந்த நேரம் தேவை. டாக்டரிடம் "விட்ட நாளை எப்படிச் சேர்ப்பீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். கேட்கிற நோயாளி எங்களுக்குத் தொந்தரவே இல்லை. இரண்டு தடவை வைக்கிற நாளில் ரயிலுக்கு அலையாமல் தஞ்சாவூரிலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்க முடியுமா பாருங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, வழி இருக்கிறது, தினமும் நடந்துகொண்டும் இருக்கிறது. 60 கிரேயை 30 ஆகப் பிரித்து நாளைக்கு 2 கிரே வைப்பதே நல்ல சதைக்காகத்தான். மறுநாளைக்குள் அது பெருமளவு தேறிவிடும், கட்டி அந்த அளவுக்குத் தேறாது. ஃப்ளாஷின் பாதுகாப்பு இதுவரை தெளிவாகத் தெரிந்தது ஒரே தடவையில் 8, 10 கிரே என்று பெரிதாகக் கொடுக்கும்போதுதான். நாளைக்கு 2 கிரே என்ற கணக்கோடு அதை எப்படிப் பொருத்துவது என்பதே இனிமேல்தான் தெரிய வேண்டும்.

அடுத்தது கற்றையின் வடிவம். ஐ.எம்.ஆர்.டி. என்ற முறையில் கதிரைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, காதுக்குக் கீழே இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியை ஒதுக்கிவிட்டு வைக்க முடியும். இங்கிலாந்தில் தொண்டைப் புற்றுநோய்க்காரர்களிடம் செய்து 2011-இல் வெளியான ஒப்பீட்டில், பழைய முறையில் ஒரு வருடம் கழித்தும் 74 சதவீதம் பேருக்கு வாய் வறட்சி கணிசமாக இருந்தது, இந்த முறையில் 38 சதவீதம். அப்பாவுக்கு எந்த முறை, வலது பக்கச் சுரப்பிக்கு எவ்வளவு போகிறது என்று அங்கே இருக்கும் இயற்பியலாளரைக் கேளுங்கள். பிளானைத் திரையில் காட்டச் சொன்னால் காட்டுவார்கள்.

கடைசியாக ஒன்று, இது பல வருடத்துக்கு. சிகிச்சை முடிந்த பிறகு பல் ஆடுகிறது, வலிக்கிறது என்றால் கொரடாச்சேரியிலோ திருவாரூரிலோ உடனே போய்ப் பிடுங்கிவிடக் கூடாது. கதிர்வீச்சு வாங்கிய தாடைக்கு ரத்த ஓட்டம் குறைவு. பல் பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பு செத்துப்போகலாம், பத்து வருடம் கழித்தும் அந்த ஆபத்து உண்டு. எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் "இந்த இடத்தில் கரண்ட் வைத்திருக்கிறது, 60 கிரே" என்று முதலில் சொல்லுங்கள். அந்த அட்டையைப் பட்டா சிட்டாவோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.